ஓசிக் கச்சேரிக்குப் போற பேராண்டிக்கு

டேய் பேராண்டி,

நீ அனுப்புன நோட்டீஸைப் பாத்தேன். நாலு சாக்ஸபோன், ஒரு பியானோ, சின்ன அரங்கம், சாயங்காலம் ஏழு மணி, 'அனுமதி இலவசம்'. அதுக்குக் கீழ உன் கேள்வி: "தாத்தா, போகலாமா? போரடிக்குமா?" சென்னையில ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டுற பய, ஒண்ணரை மணி நேரம் பாட்டுக் கேக்குறதுக்குத் திருமங்கலத்துல திண்ணையில கெடக்குற கெழவன்கிட்ட உத்தரவு கேக்குற. பிரியாணிக்குப் போறப்ப ஒரு நாளாச்சும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கியாடா?

சரி, கேட்டுட்ட. போன்ல சொன்னா பாதியில "தாத்தா, மீட்டிங்கு"ன்னு வச்சுருவ. அதான் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உக்கார வச்சு எழுதச் சொல்லிக்கிட்டிருக்கேன். அது என் பேச்சைத் திருத்தித் திருத்தி எழுதப் பாக்குது. விட மாட்டேன்னுட்டேன்.

மொதல்ல அந்த இலவசம். இலவசத்துல ஊருக்கே பாடம் எடுத்த ஊருடா நம்மது. மீனாட்சி கல்யாணத்துக்குத் தாலி செஞ்ச ஊருன்னு தலபுராணம் சொல்லுது. அந்தப் பெருமை கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டல. 2009 ஜனவரியில ஒரு இடைத்தேர்தல் வந்துச்சு, ஓட்டுக்குக் காசுன்னா 'திருமங்கலம் ஃபார்முலா'ன்னு நம்ம ஊர்ப் பேரு டெல்லி வரைக்கும் போயிருச்சு. அதுக்கப்பறம் நம்மாளுக்கு ஓசின்னா ரெண்டு புத்தி. ஒரு கை நீண்டுரும். அதே நேரத்துல கண்ணு சுருங்கி, "இதுல என்ன உள்குத்து இருக்கு"ன்னு பாக்கும். வாங்கிக்கிட்டே சந்தேகப்படுறதுல நம்மளை அடிச்சுக்க ஆள் கிடையாது.

அதுலயும் ஒரு கணக்கு இருக்கு பாத்துக்க. நம்ம பக்கத்து வடக்கம்பட்டியில முனியாண்டி சாமிக்குத் தையிலயும் மாசியிலயும் திருவிழா. எங்கெங்கயோ முனியாண்டி விலாஸ் ஓட்டல் வச்சிருக்கவுக எல்லாம் ஊருக்கு வந்து, கெடாயும் சேவலும் அறுத்து, ராத்திரி பூரா அண்டா அண்டாவாப் பிரியாணி கிண்டி, வர்றவனுக்கெல்லாம் வாரி விடுறாக. வெள்ளனவே தூக்குச்சட்டியோட வரிசை நிக்கும். "எந்த அரிசி, மசாலா எங்க வாங்குனது, போரடிக்குமா"ன்னு ஒருத்தன் கேக்குறதில்ல. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுங்கிற ஞானம் அங்க எல்லாருக்கும் வந்துருது. ஓசியாப் பாட்டுன்னா மட்டும் பல்லைப் பிடிக்க ஓடி வந்துருறாய்ங்க. "நல்லா வாசிக்கிறவன் எதுக்குடா சும்மா வாசிக்கிறான்?"

சும்மா ஒருத்தனும் வாசிக்கல. யாரோ முன்னாடியே காசு குடுத்துட்டாக, அம்புட்டுத்தான். சென்னையில அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன்னு வெளிநாட்டுக்காரக இடங்கள் இருக்குல்ல, அங்கெல்லாம் இந்த மாதிரி கச்சேரி அப்பப்ப நடக்கும். செலவை அவுக பாத்துக்கிறாக. மார்கழியில சபாக்கள்ல காலையிலயும் மத்தியானமும் டிக்கெட் இல்லாமத்தான் சின்னப் புள்ளைகளை மேடையேத்துறாக. திருவையாத்துத் தியாகராஜர் ஆராதனைக்கு யாரு டிக்கெட் கிழிக்கிறா? சாமி புறப்பாட்டுக்கு முன்னால நின்னு விடிய விடிய வாசிக்கிற நாதஸ்வரத்துக்கு யாரு கவுன்ட்டர் போட்டா? உன் பாட்டன் பூட்டன் கேட்ட சங்கீதம் பூரா ஓசிதான். கோயில் மானியம் குடுத்துச்சு, ஜமீன் குடுத்தாரு, மண்டகப்படிக்காரன் குடுத்தான். காசு குடுத்து நாற்காலி வாங்கிக் கேக்குறது சபா வந்ததுக்கப்பறம் வந்த பழக்கம். அதனால 'இலவசம்'னு போட்டிருக்கிறதைப் பாத்து மட்டமா நெனைக்காத. பழைய முறைக்குத் திரும்பியிருக்காகன்னு நெனைச்சுக்க.

இன்னொண்ணு. என்னமோ வாழ்க்கையில மொத தடவையா சாக்ஸபோன் கச்சேரிக்குப் போற மாதிரி மிரளுற. போன வைகாசியில உங்க சின்ன மாமன் மக கல்யாண வரவேற்பு நடந்துச்சே, அங்க மேடை ஓரத்துல என்ன இருந்துச்சு? ஒரு சாக்ஸபோன், ஒரு கீபோர்டு, ஒரு தபலா. அதுவும் ஓசிதான். சாப்பாடு வேற சேத்தி. இப்ப மதுரைப் பக்கம் சாக்ஸபோன் இல்லாத வரவேற்பே கம்மி. நீ எத்தனை வரவேற்புக்குப் போயிருக்க, ஒரு பாட்டாச்சும் முழுசாக் கேட்டிருக்கியா? அன்னைக்கு நீ ரெண்டாம் பந்தியில ரெண்டாவது ஐஸ்கிரீமுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த. நான் பாத்தேன்.

நான் எங்க இருந்தேன்னு கேளு. முன் வரிசையில, அந்த வாத்தியக்காரருக்கு நேரா ஒத்தையா உக்காந்திருந்தேன். அவரு ஒரு சின்ன டப்பாவுல இருந்து நாணல் சீவலை எடுத்து, வாயில கொஞ்ச நேரம் ஊறப் போட்டு, ஊதுவாயில வச்சு ரெண்டு திருகைத் திருகுனாரு. சீவாளியைப் பதம் பாக்குற நாதஸ்வரக்காரர் முகம் எப்படி இருக்குமோ அதே முகம். வாசிக்க ஆரம்பிச்சாரு. அந்தப் பக்கம் மொய் மேசை, அதுக்கு ஒரு மைக்கு. இவரு ஒரு சங்கதியை முடிக்கிறதுக்குள்ள, "மேலக்கோட்டை தாய்மாமன் வகையறா, ஆயிரத்தி ஒண்ணு!" இவரு மூச்சு வாங்கி அடுத்ததை எடுத்தா, "எவர்சில்வர் குடம் ஒண்ணு!" தாளம் தப்பாமச் சொல்லுறான்டா அந்த மொய்க்காரன்.

நான் அசையாம உக்காந்திருந்தது சனத்துக்குப் பொறுக்கல. கல்யாண வீட்டுல ஒரு கெழவன் பந்திக்கும் போகாம, யாருகிட்டயும் பேசாம, ஒரே பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா என்ன அர்த்தம்? மனத்தாங்கல்! மொதல்ல உங்க மாமன் ஓடி வந்தான், "சித்தப்பு, யாரு என்ன சொன்னாக?" பின்னாலயே உங்க அத்தை, "பத்திரிகையை நேர்ல வந்து வைக்கலைன்னு வருத்தமோ?" மாப்பிள்ளை வீட்டுப் பெருசு ஒண்ணு வெத்தலைத் தட்டோட வந்து என் கையைப் பிடிச்சுருச்சு. "பாட்டுக் கேக்குறேன்யா"ன்னு சொன்னேன். ஒருத்தனும் நம்பல. இம்புட்டு நாசூக்காக் கோவத்தை மறைக்கிறாரேன்னு இன்னும் பயந்துட்டாய்ங்க.

ஆனா வாத்தியக்காரர் நம்பிட்டாரு. கேக்குறதுக்கு ஒரு காது இருக்குன்னு தெரிஞ்சதும், சினிமாப் பாட்டை மெல்ல விட்டுட்டுக் கல்யாணியை எடுத்தாரு. தபலாக்காரர் கையைக் கட்டிக்கிட்டாரு. கீபோர்டுப் பையனுக்கு அவரு எங்கிட்டுப் போறாருன்னு புரியல. 'சா'வை மட்டும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டான். அதுவே சுருதியா அமைஞ்சு போச்சு. மேல் மத்திமத்துல ஒரு நிறுத்து நிறுத்துனாரு பாரு, எவர்சில்வர் குடமெல்லாம் எங்கயோ போயிருச்சு. அதுக்குள்ள மாப்பிள்ளையோட கூட்டாளிப் பயலுக ஒரு துண்டுச் சீட்டை நீட்டிட்டாய்ங்க, குத்துப் பாட்டுக் கேட்டு. அவரு என்னைப் பாத்து லேசாச் சிரிச்சாரு. வாத்தியத்தை ஒரு உதறு உதறி எச்சியைத் துடைச்சுட்டு, குத்துக்குப் போயிட்டாரு. கூலிக்கு வந்த மனுசன், என்ன செய்வாரு?

அந்தக் கல்யாணி எங்க இருந்து வந்துச்சுங்கிற கதை தெரியுமா உனக்கு? சாக்ஸபோனைப் பண்ணுனவர் அடால்ப் சாக்ஸ், பெல்ஜியம் தேசத்துல தினான்ங்கிற ஊருக்காரரு, 1814ல பொறந்தவரு. சின்ன வயசுல அவரு படாத பாடில்ல. மாடியில இருந்து விழுந்திருக்காரு, ஊசியை முழுங்கியிருக்காரு, பால்னு நெனைச்சுத் திராவகத் தண்ணியைக் குடிச்சிருக்காரு. பெத்தவளே இது தங்காதுன்னு முடிவு கட்டிட்டாளாம். தப்பிச்சு வளந்து, பாரிசுக்குப் போயி 1846ல இந்த வாத்தியத்துக்குப் பேட்டன்ட் வாங்குனாரு. பட்டாளத்து பேண்டுக்குன்னு பண்ணுனது. அதோட நின்னுச்சா? மத்த வாத்தியக் கம்பெனிக்காரங்க எல்லாம் சேந்து கேசு மேல கேசாப் போட்டு அலைய விட்டாய்ங்க. மூணு தடவை மஞ்சக் கடுதாசி குடுத்தாரு. 1857ல பாரிசு சங்கீதக் கல்லூரியில சாக்ஸபோன் வகுப்பெடுத்தாரு. 1870ல அதையும் மூடிட்டாய்ங்க. திரும்ப அங்க அந்த வகுப்பு வந்தது 1942ல. சாக்ஸ் செத்து 48 வருசம் கழிச்சு!

நீ போற கச்சேரி மாதிரி சின்னக் கூட்டமா உக்காந்து வாசிக்கிறதும் அவரு காலத்துலயே வந்ததுதான். சிங்கலேன்னு அவரோட சிநேகிதர் ஒருத்தர், அவரும் பெல்ஜியக்காரர்தான், நாலு சாக்ஸபோனுக்கும், ரெண்டு சாக்ஸபோனோட பியானோவுக்கும்னு எழுதிக் குடுத்திருக்காரு. பெரிய ஆளுகதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. டெபுஸின்னு பிரெஞ்சு தேசத்துல ஒரு மகா வித்வான். அமெரிக்காவுல பாஸ்டன்ல எலைஸ் ஹால்னு ஒரு சீமாட்டி, காது மந்தமாப் போச்சுன்னு வைத்தியமா சாக்ஸபோன் ஊதக் கத்துக்கிட்ட அம்மா. அவுக 1901ல டெபுஸிகிட்ட அட்வான்ஸைக் குடுத்து, எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்கன்னாக. வாங்கிப் போட்டுக்கிட்டாரு. இந்தா அந்தான்னு பத்து வருசம் இழுத்து, கடைசியில அரைகுறையாக் குடுத்தாரு. 1918ல ஆளே போய்ச் சேந்துட்டாரு. இன்னொருத்தர் முடிச்சுக் குடுத்து 1919ல அரங்கேறுச்சு. நம்ம ஊர்த் தையக்காரன் எம்புட்டோ தேவல. தீவாளி முடிஞ்சாச்சும் சட்டையைக் கண்ணுல காட்டிருவான்.

நம்ம பக்கம் அந்த வாத்தியத்துக்கு இருந்த மருவாதி அதைவிட மோசம். சினிமாவுல கிளப்பு டான்ஸ் வந்தா சாக்ஸபோன். வில்லன் கிளாஸைத் தூக்குனா சாக்ஸபோன். நல்ல குடும்பத்துப் பொண்ணு வர்ற காட்சியில அது வாயைத் திறக்காது. அதைக் கொண்டுபோய்க் கச்சேரி மேடையில பட்டுத் துணி விரிச்சு உக்கார வச்சவரு கத்ரி கோபால்நாத்து. தென் கன்னடத்துக்காரரு, 1949ல பொறந்தவரு. அப்பா தனியப்பா நாதஸ்வர வித்வான். இவரும் சின்னதுல நாதஸ்வரம்தான். மைசூரு அரண்மனை பேண்டுல ஒரு நாளு சாக்ஸபோனைப் பாத்துட்டாரு. அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு. மங்களூருல கோபாலகிருஷ்ணய்யர்கிட்டயும் அப்பறம் மெட்ராசுல டி.வி. கோபாலகிருஷ்ணன்கிட்டயும் பாடம் கேட்டு, கர்நாடக சங்கீதம் அதுல பேச இருவது வருசம் பாடுபட்டாரு.

ஏன் இருவது வருசம்னு யோசிச்சியா? இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாக் கேளு. நாதஸ்வரத்துல விரலு வைக்கிறது வெறும் ஓட்டை. ஏழே ஓட்டை. விரலைப் பாதி எடுக்கலாம், கால்வாசி எடுக்கலாம், வழுக்கலாம், தேய்க்கலாம். கமகம் அதுல இருந்து தானா ஒழுகும். சாக்ஸபோன்ல ஓட்டைக்கும் விரலுக்கும் நடுவுல சாவி. அமுக்குனா மூடும், விட்டா திறக்கும். பாதிங்கிற பேச்சே இல்ல. அப்ப அந்த அசைவை எங்க இருந்து கொண்டாறது? ஒதட்டுல இருந்தும் மூச்சுல இருந்தும்தான் கொண்டாரணும். அவரு வாத்தியத்துலயே சில மாத்தமும் செஞ்சுக்கிட்டாரு. உடம்பு பித்தளையா இருந்தாலும் சத்தம் பொறக்குறது ஒரு நாணல் சீவல்ல இருந்துதான். அதனால வெள்ளைக்காரனே அதை மர வாத்தியச் சாதியிலதான் சேத்திருக்கான். நாதஸ்வரத்துக்கும் நாணல்தான். சொந்தக்காரன் சட்டையை மாத்திப் போட்டு வந்திருக்கான், கோபால்நாத்து அடையாளம் கண்டுபிடிச்சுட்டாரு.

1980ல பம்பாய் ஜாஸ் விழாவுல வாசிச்சாரு. ஜான் ஹேண்டின்னு ஒரு அமெரிக்க சாக்ஸபோன்காரர் இவரைக் கேட்டுட்டுச் சேந்து வாசிச்சாரு. 1994ல லண்டன்ல ராயல் ஆல்பர்ட் ஹால்ல பிபிசிக்காரக நடத்துற விழாவுல வாசிச்சாரு. அதே வருசம்தான் இங்க பாலசந்தர் 'டூயட்' படம். ரகுமான் இசை, பிரபு கையில சாக்ஸபோன், உள்ள மூச்சு கோபால்நாத்து மூச்சு. அதுக்கப்பறம்தான் நம்ம திருமங்கலத்து டீக்கடையில எல்லாம் அந்த வாத்தியத்தோட பேரைத் தப்பில்லாமச் சொல்லக் கத்துக்கிட்டாய்ங்க. 2004ல பத்மஸ்ரீ. 2019 அக்டோபர்ல மங்களூருல மறைஞ்சாரு. இன்னைக்கு நம்ம வரவேற்புல வாசிக்கிறவுக எல்லாம் அவரு வெட்டுன பாதையில நடக்குறவுகதான்.

"தாத்தா, நீங்க சொல்றது நம்ம சங்கீதம், நான் போறது இங்கிலீஷ் சங்கீதம்"னு நீ இழுப்ப. இழுக்காத. நம்ம மதுரை மணி அய்யரு கச்சேரியில இங்கிலீஷ் நோட்டுப் பாடுனா கைதட்டல் நிக்காது. அதைப் பண்ணிக் குடுத்தவரு அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அதுக்கும் நூறு வருசத்துக்கு முந்தியே முத்துசாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுக்குச் சமஸ்கிருதத்துல சாகித்தியம் கட்டியிருக்காரு. நோட்டுஸ்வரம்னு இன்னைக்கும் பிள்ளைகளுக்குப் பாடம். பிடிலை யாரு கொண்டாந்தா? நம்ம பக்கத்து பண்ணைப்புரத்து இளையராஜா, என் வயசுக்காரரு, தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்தி சங்கீதம் படிச்சு, 2025 மார்ச்சுல லண்டன்ல போயி சிம்பொனியே நடத்திட்டு வந்துட்டாரு. நீ இன்னும் இங்கிலீசு தமிழுன்னு வேலி கட்டிக்கிட்டு இருக்க.

பியானோ. உனக்கு அதைப் பத்தி ஒரு எழவும் தெரியாது, கீபோர்டோட அண்ணன்னு நெனைச்சுக்கிட்டு இருப்ப. மைக் செட்டுக்காரனாத் திரிஞ்ச காலத்துல மதுரையில ஒரு சர்ச்சுல கிறிஸ்மஸ் பாட்டுக்குக் குழாய் கட்டப் போனேன். பியானோவுக்குள்ள மைக்கை எங்க வைக்கிறதுன்னு பாக்குறதுக்கு அங்க இருந்த வாத்தியாரு மூடியைத் தூக்கிக் காட்டுனாரு. உள்ள இருநூறு கம்பிக்கு மேல. பாதிக்கு மேல ஒரு கட்டைக்கு மூணு மூணு கம்பி. வெளிய கட்டையைத் தொட்டா உள்ள கம்பளி சுத்துன சுத்தியலு ஒண்ணு எந்திரிச்சுக் கம்பியைத் தட்டிட்டு அந்த நிமிசமே கீழ உக்காந்துக்கிது. மெல்லத் தொட்டா மெல்லத் தட்டுது, அடிச்சா அடிக்குது. கரண்டு கிடையாது, ஒயரு கிடையாது. எனக்கு அன்னைக்கே கொஞ்சம் பயமாப் போச்சு, நம்ம பொழப்பு என்னாகிறதுன்னு. இத்தாலிக்காரரு கிறிஸ்டோபோரி 1700 வாக்குல பண்ணுன சூத்திரமாம். மழைக்காலத்துல கட்டை ஊறிச் சிக்கிக்கிரும், சுருதி ஏறிரும், ஆள் வந்து ஒவ்வொரு கம்பியாத் திருகணும்னு அந்த வாத்தியாரு அழுதாரு.

அதுல தட்டுன சுரம் தட்டுனதுதான், அசைக்க முடியாது. நம்ம கமகத்துக்குக் கொஞ்சமும் ஆகாது. ஆனாலும் சென்னையில அனில் சீனிவாசன்னு ஒருத்தரு சிக்கில் குருசரண் பாட்டுக்குப் பியானோ வாசிக்கிறாரு, கேட்டுப் பாரு. பாட்டு அசையிற இடத்துல இவரு கையை எடுத்துருவாரு. நிக்கிற இடத்துல வந்து நிப்பாரு. தன்னால ஆகாத எடத்துல ஒதுங்கத் தெரிஞ்சவன் ஆயிரத்துல ஒருத்தன். உங்க ஆபீசுல ஒருத்தனாச்சும் இருக்கானா?

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வாரேன். நீ போற கச்சேரியில மைக்கு இருக்காது. இந்த மாதிரிச் சின்ன அரங்கக் கச்சேரிக்கு அதுதான் வழக்கம். ஒத்தைப் பெட்டி, ரெட்டைப் பெட்டி, கோபுர உச்சியில நாலு குழாய், அகுஜா ஆம்ப்ளிபயர்னு பொழச்சவன் சொல்லுறேன்: அதுக்காகவே போ. நீ பொறந்ததுல இருந்து கேட்ட பாட்டு பூரா ஏதோ ஒரு பெட்டி வழியா வந்ததுதான். ஊர்த் திருவிழாவுல நாங்க காதைக் கிழிச்சோம், இப்ப நீயே காதுக்குள்ள சொருகிக்கிட்டுக் கிழிச்சுக்கிற. மனுசன் மூச்சு பித்தளை வழியா வந்து நேரா உன் செவியில விழுந்தது என்னைக்கு? பட்டாளத்துக்குப் பண்ணுன வாத்தியம், நாலு சேந்து ஊதுனா மண்டபத்தைத் தூக்கிரும். அதைச் சின்ன ரூமுக்குள்ள அடக்கி வாசிக்கிறதுலதான் அவுக வித்தையே இருக்கு. அங்க கையை ஆட்டி நடத்துறதுக்கும் ஒருத்தரும் நிக்க மாட்டாரு. சின்ன சாக்ஸபோனை, நேரா நாதஸ்வரம் மாதிரி இருக்குமே, அதை வச்சிருக்கவரைப் பாத்துக்கிட்டே இரு. வாத்தியத்தை லேசாத் தூக்கி மூக்கால ஒரு மூச்சு இழுப்பாரு. நாலு பேரும் அதுலதான் சேந்து கிளம்புவாக. மைக்கு வச்சா அந்த மூச்சு உனக்குக் கேக்காது.

போற இடத்துல மானத்தை வாங்காம இருக்க நாலு வார்த்தை. முன் வரிசை காலியா இருக்குன்னு ஓடிப் போயி உக்காராத. குழாய் வாய்க்கு நேரா உக்காந்தா ஒண்ணும் பிரிச்சுக் கேக்க முடியாது. நடுவுல, கொஞ்சம் இடது பக்கமா உக்காரு. பியானோக்காரர் விரலு அங்க இருந்துதான் தெரியும். ஒரு உருப்படியையே மூணா நாலாப் பிரிச்சு வாசிப்பாக, நடுவுல நிறுத்துவாக. நிறுத்துனதும் தட்டிராத. பக்கத்துல இருக்கவன் தட்டுனாலும் தட்டாத, அவனும் உன்ன மாதிரிதான். அஞ்சு பேரும் எந்திரிச்சுக் குனிஞ்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம், அப்பத் தட்டு. 'பலே, சபாஷ்' எல்லாம் வேணாம். தொடையில தாளம் போட ஆசையா இருந்தா போடு, உன் தொடையிலயே போடு. தனி ஆவர்த்தனம் வந்தா போண்டாவுக்கு ஓடுற சபா புத்தியை இங்க காட்டாத, அங்க கேன்டீனும் இருக்காது. முறுக்குப் பாக்கெட்டைப் பிரிக்காத. இருமல் வந்தா வெளிய போயி இருமு. போனை அணைச்சுட்டு உக்காரு. ஒரே ஒரு போட்டோன்னு தொடங்குவ, கடைசியில சாக்ஸபோன் வாசிச்சதுல உனக்கு ஞாபகம் இருக்கப் போறது அதுக்கு எத்தனை பேரு லைக்குப் போட்டாய்ங்கங்கிறது மட்டும்தான்.

போரடிக்குமான்னு கேட்டில்ல. அடிக்கும்டா. கொஞ்ச நேரம் அடிக்கும். எந்த நல்ல கச்சேரியிலயும் நடுவுல ஒரு இடம் அடிக்கத்தான் செய்யும். எந்திரிச்சுப் போகாம இரு, காது தானா வழிக்கு வரும். அப்படியும் வரலையா, பஸ்ஸு காசு தவிர உனக்கு நட்டம் ஒண்ணும் இல்ல. வெளிய வர்றப்ப உண்டியல் மாதிரி ஏதாச்சும் வச்சிருந்தா நூறு ரூவா போட்டுட்டு வா. கல்யாணத்துக்கு ஆயிரத்தி ஒண்ணு எழுதி மைக்குல பேரு சொல்ல வைக்கிற வம்சம் நம்மது. இங்க பேரு சொல்ல மாட்டாக, பரவால்லன்னு போடு.

கடைசியா ஒரு சோலி இருக்கு. வர்ற தையில உன் கல்யாணத்துக்கு வரவேற்புல சாக்ஸபோன் வைக்கிறதா உங்கப்பன் பேசி முடிச்சுட்டான். வாத்தியக்காரரைச் சாப்பாட்டுக் கூட்டத்துக்குப் பின்னால ஒதுக்காம, நாற்காலியைப் பூரா அவரு பக்கம் திருப்பிப் போடச் சொல்லு. அரைமணி நேரம் மொய் மைக்கை அணைச்சு வைக்கணும். சொந்தக்காரய்ங்க சண்டைக்கு வந்தா என்கிட்ட அனுப்பு. ஒயரைப் பிடுங்குறவன் நான்தான்.